காரின் மென்பொருள் மேம்பாடுகளை இப்போதே வாங்குவதா, தள்ளிப்போடுவதா?

கேள்வி: ஃப்ரீமாண்ட்வாசி (ஏப்ரல் 2025; விலைகளும் விதிகளும் அன்றைய நிலவரம்)

அனைவருக்கும் வணக்கம். சென்ற நவம்பரில் டெஸ்லா மாடல் ஒய் லாங் ரேஞ்ச் வாங்கினோம். காரைப் பற்றி எனக்கு எந்தக் குறையும் இல்லை. குழப்பமெல்லாம் கைப்பேசிச் செயலியில் ‘மேம்பாடுகள்’ என்று ஒரு பக்கம் வைத்திருக்கிறார்களே, அதைப் பற்றியதுதான். இரவு சார்ஜ் ஏறிவிட்டதா என்று பார்க்கப் போகும்போதெல்லாம் அந்தப் பக்கம் கண்ணில் படுகிறது. காரைத் தானாக ஓட்ட உதவும் எஃப்எஸ்டி மென்பொருளுக்கு ஒரேயடியாக 8,000 டாலர், அல்லது மாதம் 99 டாலர் சந்தா. முடுக்கத்தைக் கூட்டும் ‘ஆக்சிலரேஷன் பூஸ்ட்’ 2,000 டாலர். இரண்டுமே விரலால் ஒரு தட்டுத் தட்டினால் வந்துவிடும், காரைப் பட்டறைக்குக்கூடக் கொண்டுபோக வேண்டியதில்லை.

நான் நாள்தோறும் 880 நெடுஞ்சாலையில் சான் ஹோசே வரை போய் வருகிறேன். வார இறுதியில் லிவர்மோர் கோவிலுக்குப் போவோம். ஆண்டில் மூன்று நான்கு முறை லாஸ் ஏஞ்சல்ஸில் இருக்கும் மைத்துனர் வீட்டுக்கு, ஒரு வழிக்கு ஏறத்தாழ 350 மைல் ஓட்டுவோம். காரை ஆறு ஆண்டுகள் வைத்திருப்பதாகத் திட்டம். வாங்கியபோது எஃப்எஸ்டி ஒரு மாதம் இலவசமாகக் கிடைத்தது. ஐந்தாம் எண் நெடுஞ்சாலையில் அது பெரும் உதவியாக இருந்ததை மறுக்க மாட்டேன். நகரத்துத் தெருக்களிலோ அதைக் கண்காணிப்பதே நானே ஓட்டுவதைவிடக் களைப்பாக இருந்தது.

அலுவலக நண்பர் ஒருவர், இதன் விலை ஏறிக்கொண்டேதான் போகும், இன்றே வாங்கிவிடுங்கள் என்கிறார். என் மனைவியோ, “காத்திருந்தால் நமக்கு என்ன குறைந்துவிடப் போகிறது?” என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். என்னால் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. இப்படிப்பட்ட மேம்பாடுகளை வாங்கியவர்களும் வாங்காமல் தள்ளிப்போட்டவர்களும் தங்கள் அனுபவத்தைச் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில் 1: கணக்கப்பிள்ளை

உங்கள் மனைவி கேட்டதுதான் சரியான கேள்வி. பதிலைக் கணக்காகவே சொல்கிறேன்.

முதலில் அலுவலக நண்பரின் வாதம். ஒரு காலத்தில் அது உண்மையாகத்தான் இருந்தது. எஃப்எஸ்டியின் விலை 2019 மே மாதத்தில் 6,000 டாலர். அது படிப்படியாக ஏறி 2020 அக்டோபரில் 10,000, 2022 ஜனவரியில் 12,000, அதே ஆண்டு செப்டம்பரில் 15,000 என்று உச்சத்தைத் தொட்டது. மென்பொருள் மேம்பட மேம்பட விலையும் உயரும் என்று எலான் மஸ்க் பலமுறை சொல்லிவந்ததால், ஒவ்வோர் உயர்வுக்கும் முந்தைய வாரத்தில் பலர் அவசரமாக வாங்கினார்கள். பிறகு நடந்தது வேறு. 2023 செப்டம்பரில் 12,000 ஆயிற்று, 2024 ஏப்ரலில் 8,000 ஆயிற்று. உச்ச விலையில் வாங்கியவருக்குப் பத்தொன்பது மாதம் பொறுமையாக இருந்திருந்தால் 7,000 டாலர் மிஞ்சியிருக்கும். அதோடு அவர் வாங்கியபோது இருந்ததைவிட இப்போதிருக்கும் மென்பொருள் எவ்வளவோ மேலானது. ஆக, மென்பொருள் மேம்பட்டது என்னவோ உண்மை, விலைதான் எதிர்த்திசையில் போயிற்று.

இப்போது உங்கள் கணக்குக்கு வருகிறேன். மாதம் 99 டாலர் என்றால் ஆண்டுக்கு 1,188. ஆறு ஆண்டுகள் ஒரு மாதம்கூட விடாமல் கட்டினாலும் 7,128 டாலர்தான் ஆகும். நீங்கள் காரை வைத்திருக்கப்போகும் காலம் முழுவதும் சந்தா கட்டினால்கூட 8,000-ஐத் தொடவில்லை என்பதைக் கவனியுங்கள். 8,000 டாலரை நான்கு விழுக்காடு வட்டி தரும் சேமிப்புக் கணக்கில் போட்டால் ஆண்டுக்கு 320 டாலர் வரும். லாஸ் ஏஞ்சல்ஸ் போகும் நான்கு மாதங்களுக்கு மட்டும் சந்தா எடுத்தால் ஆண்டுச் செலவு 396. ஏறக்குறைய வட்டியே சந்தாவைக் கட்டிவிடுகிறது, முதல் அப்படியே இருக்கிறது.

சந்தாவின் மாதக் கட்டணம் உயரலாம் என்பது நியாயமான அச்சம். ஆனால் அதுவும் இதுவரை இறங்கித்தான் இருக்கிறது. 2021 ஜூலையில் தொடங்கியபோது மாதம் 199 டாலராக இருந்தது, 2024 ஏப்ரலில் பாதியாயிற்று. வேறு நிறுவனத்தைப் பார்த்தாலும் இதே போக்குத்தான். நெடுஞ்சாலையில் ஸ்டீயரிங்கைப் பிடிக்காமல் ஓட்ட உதவும் தன் புளூக்ரூஸ் வசதியின் மாதக் கட்டணத்தை ஃபோர்டு 2024 அக்டோபரில் 75 டாலரிலிருந்து 50 டாலருக்கு இறக்கியது.

இதற்கெல்லாம் அடியில் ஒரு காரணம் இருக்கிறது. காரின் நிறத்தையோ சக்கரத்தின் அளவையோ வாங்கும் அன்றே முடிவு செய்தாக வேண்டும். மென்பொருளுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. உங்கள் காரில் வேண்டிய கருவிகள் எல்லாம் ஏற்கெனவே பொருத்தப்பட்டு உங்கள் வாசலில் நிற்கின்றன, பூட்டு மட்டுமே திறக்கப்பட வேண்டும். விற்பவருக்கு அதைத் திறக்க ஆகும் செலவு ஏறத்தாழ ஒன்றுமில்லை. அப்படிப்பட்ட சரக்கு தீர்ந்துபோகாது, கெட்டுப்போகாது. எனவே ‘இன்றே வாங்குங்கள்’ என்ற அவசரத்தை விலை அறிவிப்புகளால் உண்டாக்கினால்தான் உண்டு.

பழைய உதாரணம் ஒன்று சொல்கிறேன், எனக்கு மிகவும் பிடித்தது. 2016இல் டெஸ்லாவின் மாடல் எஸ் 60 என்ற காரில் 75 கிலோவாட்-மணி பேட்டரியையே வைத்து, 60 அளவுக்கு மட்டும் பயன்படும்படி மென்பொருளால் பூட்டி விற்றார்கள். பிறகு பூட்டைத் திறக்க வேண்டுமானால் 9,000 டாலர். மறு ஆண்டே அது 2,000 டாலர் ஆயிற்று. பூட்டியிருந்த வரை அந்த உரிமையாளர்களுக்கு நட்டமும் பெரிதாக இல்லை. பேட்டரியின் மேற்பகுதி பயன்படாமல் கிடந்ததால், பேட்டரி தேயுமே என்ற கவலையின்றி நாள்தோறும் முழு அளவுக்குச் சார்ஜ் செய்ய முடிந்தது. 2017 செப்டம்பரில் இர்மா புயல் புளோரிடாவை நெருங்கியபோது, ஊரைக் காலி செய்வோருக்காக நிறுவனமே அந்தப் பூட்டைத் தற்காலிகமாகத் திறந்துவிட்டது.

பதில் 2: பழைய சக்கரம்

கணக்கப்பிள்ளை சொன்னதில் பெரும்பாலானவற்றை ஏற்கிறேன். ஆனால் சந்தாக்காரருக்கும் முழுவிலை கொடுத்தவருக்கும் இடையே அவர் கணக்கில் வராத ஒரு வேறுபாடு இருக்கிறது. அது காருக்குள் இருக்கும் கணினியைப் பற்றியது.

2016 அக்டோபரிலேயே, இனித் தயாராகும் கார்கள் அனைத்திலும் முழுத் தானியங்கி ஓட்டத்துக்கு வேண்டிய வன்பொருள் இருக்கிறது என்று டெஸ்லா அறிவித்தது. அந்தக் கணினி போதாது என்று தெரிந்து, 2019இல் ஹார்ட்வேர் 3 என்ற புதிய கணினி வந்தபோது, எஃப்எஸ்டியை முழுவிலைக்கு வாங்கியிருந்தவர்களுக்கு அதை இலவசமாக மாற்றிக் கொடுத்தார்கள். 2021இல் சந்தா அறிமுகமானபோது, பழைய கணினி வைத்திருந்தவர்கள் அதை மாற்ற 1,500 டாலர் தனியாகக் கட்ட வேண்டும் என்றார்கள். எதிர்ப்பு எழுந்த பிறகு அது 1,000 ஆயிற்று. இந்த ஆண்டு ஜனவரி இறுதியில் நடந்த முதலீட்டாளர் கலந்துரையாடலில், ஹார்ட்வேர் 3 கார்களுக்கும் கணினி மாற்றம் தேவைப்படும் என்று மஸ்க் ஒப்புக்கொண்டார். அதைச் செய்து தரப்போவதாகச் சொன்னதும் எஃப்எஸ்டியை வாங்கியவர்களுக்குத்தான்.

எனவே முழுவிலை கொடுப்பவர் மென்பொருளோடு சேர்த்து ஒரு வாக்குறுதியையும் வாங்குகிறார். அதன் மதிப்பு உங்களுக்கு எவ்வளவு என்பதே கேள்வி. உங்கள் கார் 2024 இறுதியில் வந்தது, அடுத்த தலைமுறைக் கணினியான ஹார்ட்வேர் 4 கொண்டது. இன்றைய புதிய பதிப்புகள் அதற்காகவே முதலில் எழுதப்படுகின்றன. ஆகையால் அடுத்த சில ஆண்டுகளுக்கு நீங்கள் பின்தங்கப் போவதில்லை. ஆறு ஆண்டில் விற்றுவிடப்போகும் ஒருவர், ஏழாம் ஆண்டில் கிடைக்கக்கூடிய கணினிக்காக இன்றே பணம் கட்டுவதில் எனக்குப் பொருள் தெரியவில்லை.

விற்பது என்று சொன்னதால் என் சொந்த அனுபவத்தையும் சேர்க்கிறேன். இதற்கு முன் நான் வைத்திருந்த மின்சாரக் காரில் சில ஆயிரம் டாலர் கொடுத்து ஒரு மென்பொருள் வசதியை வாங்கியிருந்தேன். எந்த நிறுவனத்தின் கார் என்பது இங்கே வேண்டாம். பழைய காரைக் கொடுத்துப் புதியது எடுக்கப் போனபோது, மதிப்பிட்டவர் மைல் கணக்கையும் டயரையும் கதவில் இருந்த கீறலையும் குறித்துக்கொண்டாரே தவிர, அந்த வசதிக்கென்று அவருடைய படிவத்தில் ஒரு கட்டம்கூட இல்லை. நான் எடுத்துச் சொன்ன பிறகு பெயருக்கு ஒரு சிறு தொகையைச் சேர்த்தார். நேரடியாக இன்னொருவருக்கு விற்றிருந்தால் கொஞ்சம் கூடுதலாகக் கிடைத்திருக்கும் என்பது உண்மைதான். மென்பொருள் காரோடு போகிறது, உங்களோடு வருவதில்லை. 2023இலிருந்து டெஸ்லா அவ்வப்போது புதிய காருக்கு எஃப்எஸ்டியை மாற்றிக்கொள்ள அனுமதித்திருக்கிறது. ஆனால் அவை குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் திறக்கும் சலுகைகள். நீங்கள் கார் மாற்றும் நாளும் அந்தச் சலுகையும் ஒன்றாக அமையும் என்று நம்பி 8,000 டாலரை ஒதுக்க முடியாது.

பதில் 3: மழைநகரத்தாள் (சியாட்டில்)

இருவரும் எஃப்எஸ்டியைப் பற்றியே பேசிவிட்டீர்கள். கேட்டவர் பூஸ்டையும் கேட்டிருந்தார். ‘தள்ளிப்போடுவதே நல்லது’ என்ற விதி அதற்குப் பொருந்தாது என்பது என் கருத்து.

எஃப்எஸ்டி இன்னும் முழுமை அடையாத பொருள். கடந்த ஆண்டிலிருந்து அதன் பெயரிலேயே ‘கண்காணிப்புடன்’ என்ற சொல்லையும் சேர்த்துவிட்டார்கள். அதை வாங்குகிறவர் கையில் இருப்பதற்குப் பாதியும் வரப்போவதற்குப் பாதியுமாகப் பணம் கொடுக்கிறார். வரப்போவதற்குக் காத்திருக்கலாம், அதில் தவறில்லை. பூஸ்ட் அப்படி இல்லை. அது வாங்கிய அன்றே முழுமையாகக் கிடைத்துவிடும். உங்கள் மாடல் ஒய் நின்ற நிலையிலிருந்து மணிக்கு 60 மைல் வேகத்தை 4.8 விநாடியில் தொடுகிறது என்றால், அதில் ஏறக்குறைய அரை விநாடி குறையும். நாளைக்கும் அதே அரை விநாடிதான். 2019 டிசம்பரில் மாடல் 3-க்கு அது முதலில் வந்தபோது என்ன விலையோ அதே 2,000 டாலர்தான் இன்றும். விலையும் இறங்கவில்லை, பொருளும் மாறவில்லை. அப்படியானால் தள்ளிப்போடுவதால் நீங்கள் மிச்சம் பிடிப்பது வட்டி மட்டும், இழப்பது அனுபவிக்கும் ஆண்டுகளை. ஆறு ஆண்டு வைத்திருக்கப்போகும் காருக்கு நான்காம் ஆண்டின் முடிவில் பூஸ்ட் வாங்கினால் ஆண்டுக்கு 1,000 டாலர் விழும், இன்றே வாங்கினால் ஆண்டுக்கு 333 டாலர்.

நான் கார் வாங்கிய இரண்டாம் வாரமே அதை வாங்கினேன். தேவையா என்று கேட்டால் தேவையில்லை. பிடித்திருக்கிறதா என்று கேட்டால், இரண்டு ஆண்டு கழித்தும் நெடுஞ்சாலையின் நுழைபாதையில் ஏறும்போதெல்லாம் பிடித்திருக்கிறது. ஆனால் ஒன்று. வாங்குவதற்கு முன் பூஸ்ட் உள்ள காரை ஒரு முறையாவது ஓட்டிப் பாருங்கள். உடனடி முடுக்கம் சிலருக்கு மகிழ்ச்சி, பின்னிருக்கையில் இருப்பவர்களுக்கோ பெரும்பாலும் குமட்டல்.

பதில் 4: ஒஸ்லோ தமிழன்

நார்வேயிலிருந்து எழுதுகிறேன். 2024இல் இங்கே விற்ற புதிய கார்களில் 88.9 விழுக்காடு முழு மின்சாரக் கார்கள். ஆகவே இந்தப் பேச்சு எங்கள் தமிழ்ப்பள்ளி வாசலில் பெற்றோர் காத்து நிற்கும்போதும் நடக்கும்.

வாக்குறுதிக்குப் பணம் கட்டுவதன் பொருள் என்ன என்பதை ஐரோப்பாவில் இருந்து பார்த்தால் தெளிவாகத் தெரியும். அமெரிக்காவில் நீங்கள் பயன்படுத்தும் எஃப்எஸ்டிக்கு இங்கே இன்னும் அனுமதி இல்லை. ஆனாலும் இங்கே அதை விற்றார்கள், பலர் வாங்கியும் இருக்கிறார்கள். அவர்களில் சிலர் அந்தக் காரையே விற்றுவிட்டு அடுத்த காருக்குப் போய்விட்டார்கள். நகரத்துத் தெருவில் அது தானாக ஓடுவதை ஒரு நாளும் பார்க்கவில்லை.

மழைநகரத்தாள் அவர்கள் சொன்ன வகைக்கு இங்கே நல்ல உதாரணம் போல்ஸ்டார் 2 என்ற மின்சாரக் கார். ஏறத்தாழ 1,000 யூரோவுக்கு ஒரு மென்பொருள் மேம்பாடு கொடுத்தார்கள். 300 கிலோவாட் ஆற்றல் 350 ஆயிற்று, நூறு கிலோமீட்டர் வேகத்தை 4.7 விநாடிக்குப் பதில் 4.4 விநாடியில் தொட்டது. ஒரு முறை கட்டினால் போதும். அதே காலத்தில் மெர்சிடிஸ் அமெரிக்காவில் இதே போன்ற முடுக்கத்துக்கு ஆண்டுக்கு 1,200 டாலர் சந்தா என்று தொடங்கிக் கேலிக்கு ஆளாயிற்று, பின்னர் ஒரேயடியாக வாங்கும் வழியையும் சேர்த்தது. சூடாகும் இருக்கைக்குச் சில நாடுகளில் மாதச் சந்தா கேட்ட பிஎம்டபிள்யூ, 2023இல் அந்த வழக்கத்தைக் கைவிட்டது. உறைபனியில் சூடான இருக்கைக்கு மாதாமாதம் காசு கேட்டால் எங்கள் ஊரில் என்ன சொல்வார்கள் என்பதை இங்கே எழுத முடியாது.

இவற்றிலிருந்து நான் கற்றுக்கொண்டது, வன்பொருள் ஏற்கெனவே காரில் இருக்கும்போது முதலில் கேட்கும் விலை பெரும்பாலும் ஆழம் பார்க்கும் விலை என்பதே. வாங்குவோர் முகம் சுளித்தால் அது மாறுகிறது.

ஃப்ரீமாண்ட்வாசி

இவ்வளவு விரிவாக எழுதிய அனைவருக்கும் நன்றி. ஒரே ஒரு ஐயம். நான் சந்தா வழியில் போனால், என் மனைவி ஓட்டும்போதும் அது இயங்கும் அல்லவா? அவர் இதுவரை அதைத் தொட்டதே இல்லை. ஊரிலிருந்து அடுத்த மாதம் என் பெற்றோர் வருகிறார்கள், அவர்களையும் ஏற்றிக்கொண்டு போக வேண்டியிருக்கும்.

பதில் 5: பழைய சக்கரம்

சந்தா காருக்குத்தான், ஓட்டுபவருக்கு அல்ல. யார் ஓட்டினாலும் இயங்கும், வேண்டாதவர் அமைப்பில் அணைத்துக்கொள்ளலாம். ஆனால் இதைச் சிக்கனக் கணக்கோடு மட்டும் பார்க்காதீர்கள். எஃப்எஸ்டி இயங்கும்போதும் பொறுப்பு ஓட்டுநர் இருக்கையில் இருப்பவருடையதே. வெயில் கண்ணைக் கூசும்போதும் மூடுபனியிலும் புழுதியிலும் நேர்ந்த நான்கு மோதல்களை முன்வைத்து, அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் 2024 அக்டோபரில் ஏறத்தாழ 24 லட்சம் கார்களை உள்ளடக்கிய விசாரணையைத் தொடங்கியது. அவற்றில் ஒன்றில் நடந்து சென்றவர் ஒருவர் இறந்தார். உங்கள் பகுதியில் காலை மூடுபனிக்குக் குறைவில்லை. உங்கள் மனைவி முதலில் நீங்கள் அருகில் இருக்க, போக்குவரத்துக் குறைந்த ஞாயிறு காலையில் பழகிக்கொள்ளட்டும். பெற்றோர் இருக்கும்போது முதன்முறை முயல வேண்டாம்.

8,000 டாலர் கட்டிவிட்டவர்களிடம் நான் கவனித்த ஒன்று: கட்டிவிட்டோமே என்பதற்காகவே, பயன்படுத்தக் கூடாத இடத்திலும் அதை ஓட்டிப் பார்க்கிறார்கள். மாதச் சந்தாவில் அந்த உறுத்தல் குறைவு.

பதில் 6: கணக்கப்பிள்ளை

மழைநகரத்தாள் சொன்ன வேறுபாட்டை நான் ஏற்கிறேன். பூஸ்டுக்கு என் வாதம் பொருந்தவில்லை. ஆண்டுக்கு 333 டாலர் என்ற அவருடைய கணக்கும் சரி. ஒரே ஒரு வரியை மட்டும் அதில் சேர்க்க வேண்டும்: மாடல் ஒய் கனமான கார், அந்த அரை விநாடியை ஒவ்வொரு சிக்னலிலும் அனுபவித்தால் டயர் சீக்கிரம் தேயும்.

சந்தாவுக்கு ஒரு நடைமுறைக் குறிப்பு. எடுக்கும் அன்றே, மாதம் முடிவதற்கு இரண்டு நாள் முந்தைய தேதியில் நாட்காட்டியில் நினைவூட்டல் வைத்துவிடுங்கள். மறந்துபோன சந்தா ஆறு மாதம் ஓடினால் 594 டாலர், என் கணக்கெல்லாம் குப்பைக்குப் போய்விடும்.

ஃப்ரீமாண்ட்வாசி

வீட்டில் பேசினோம். எஃப்எஸ்டியை விலைக்கு வாங்கப் போவதில்லை. ஜூன் இறுதியில் பெற்றோருடன் மாலிபு கோவிலுக்கும் மைத்துனர் வீட்டுக்கும் போகும்போது ஒரு மாதம் சந்தா எடுக்கிறோம். அதற்கு முந்தைய வார இறுதியில் என் மனைவி பழகிக்கொள்வார், நினைவூட்டலும் அவருடைய நாட்காட்டியில்தான் இருக்கும், என்னுடையதில் அல்ல. பூஸ்ட் விஷயத்தில், நண்பர் ஒருவரின் காரை இந்தச் சனிக்கிழமை ஓட்டிப் பார்க்கக் கேட்டிருக்கிறேன். பிடித்தால் வாங்கிக்கொள்ளலாம், ஆனால் அதன் பிறகு வரும் டயர் செலவு என் கைச்செலவுக் கணக்கிலிருந்து போக வேண்டும் என்று வீட்டில் உத்தரவு. கணக்கப்பிள்ளை அந்த ஒரு வரியை எழுதாமல் இருந்திருக்கலாம்.